7 டிகிரியில் தொடங்கும் குளிர்காலம்: கனடாவில் வண்டியைத் தயார் செய்வது பற்றி

டொராண்டோவில் நவம்பரில் முதல் பனி விழுந்த மறுநாள் காலையிலிருந்து டயர் கடைகளில் போன் ஓயாது. அன்றைக்குக் கூப்பிடுகிறவர்களுக்குப் பல கடைகளில் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும். அந்த இடைப்பட்ட வாரங்களில் ஸ்கார்பரோவிலிருந்து மிசிசாகா வரை 401 நெடுஞ்சாலையில், குளிருக்குப் பொருந்தாத டயரோடும் எந்த நேரமும் கைவிடக்கூடிய பேட்டரியோடும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தின் ஆபத்தான நாட்களில் இவையும் சேர்த்தி என்பது என் எண்ணம். சாலை இன்னும் பழகவில்லை, ஓட்டுநரின் கால் இன்னும் கோடைக்கால பிரேக்கிலேயே இருக்கிறது, வண்டியும் தயாராகவில்லை.

வெயில் நாட்டில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு இங்கே வந்த நம்மில் பலருக்குக் குளிர்காலம் என்றால் பனிதான். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ஆனால் வண்டிக்குக் குளிர்காலம் பனிக்குச் சில வாரங்கள் முன்பே வந்துவிடுகிறது. ரப்பர், பேட்டரிக்குள் இருக்கும் அமிலம், இன்ஜின் ஆயில், கண்ணாடி கழுவும் நீர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெப்பநிலையில் குணம் மாறுகிறது. எது எந்த டிகிரியில் மாறும் என்று தெரிந்தால், எதை முதலில் செய்ய வேண்டும், எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்பது தானாகவே விளங்கும். அந்தப் புரிதல் இல்லாமல் வெறும் பட்டியலை வைத்துக்கொண்டு தயார் செய்கிறவர்கள் பெரும்பாலும் பனி சுரண்டும் கட்டையை வாங்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

டயர்: முதல் செலவு இதற்குத்தான்

தார்ச்சாலை பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும் நுணுக்கமான மேடு பள்ளங்கள் நிறைந்தது. ரப்பர் இளக்கமாக இருந்தால்தான் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்கும். கோடைக்கால டயரும், புதுக் காரோடு பெரும்பாலும் வரும் ஆல்-சீசன் டயரும் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். கோடு கிழித்தாற்போல் சட்டென்று நடப்பதல்ல இது. குளிர் ஏற ஏறப் பிடிமானம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். சாலை உலர்ந்திருந்தாலும் சரி, ஒரு துளி பனி இல்லாவிட்டாலும் சரி. டொராண்டோவில் அக்டோபர் கடைசியிலேயே காலை நேர வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். டயர் மாற்றும் காலம் அதுதான்.

விண்டர் டயரின் ரப்பர் வேறு கலவை. சிலிக்கா அதிகம் சேர்த்து, கடுங்குளிரிலும் இளக்கம் குறையாதபடி செய்யப்படுவது. சாலையைத் தொடும் அதன் ரப்பர்க் கட்டைகளைப் பார்த்தால் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். டயர் சாலையை அழுத்தும்போது அந்த வெட்டுகள் விரிந்து, ஒவ்வொரு விளிம்பும் பனியைக் கவ்வும். ஐஸின் மேல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சி விலக்குவதும் அவைதான். கட்டைகளுக்கு நடுவே ஓடும் பெரிய வாய்க்கால்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அவை பனியை வாங்கி அடைத்து வைத்துக்கொள்கின்றன. பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால், பனி அடைந்த டயர் பனிச்சாலையில் வெறும் ரப்பரைவிட நன்றாகப் பிடிக்கும். மழைக்கான டயர் நீரை வெளியே தள்ளப் பார்க்கும், பனிக்கான டயர் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் 1934-இலேயே லாரிகளுக்கென்று உலகின் முதல் விண்டர் டயரைச் செய்தது. இரண்டே ஆண்டில் கார்களுக்கும் வந்துவிட்டது. சாலையில் பனி நிற்கும் நாட்டுக்காரர்கள் தொண்ணூறு ஆண்டுகளாகத் தெரிந்து வைத்திருக்கும் விஷயம்.

கடையில் வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறியீடு இருந்தால் இறுகிய பனியில் ஓட்டிப் பார்த்து, ஒரு ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதலாகப் பிடிக்கிறது என்று சோதித்த டயர் அது. பழைய ‘எம்+எஸ்’ எழுத்து அப்படியல்ல. கட்டைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்ற வடிவக் கணக்கை வைத்தே அதைப் போட்டுக்கொள்ளலாம், பனியில் சோதித்திருக்க வேண்டும் என்பதில்லை. சாதாரண ஆல்-சீசன் டயர்களிலும் அந்த எழுத்து இருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் இது பனிக்கும் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து, பனிச்சாலைக்குக் கட்டாயமான டயர் என்ற கணக்கில் எம்+எஸ் மட்டும் உள்ள டயர் சேராது, மலைக் குறியீடு வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இன்னொன்று: மலைக் குறியீட்டுச் சோதனையும் பனிக்கானதுதான், ஐஸுக்கானது அல்ல. ஆண்டு முழுக்கப் போட்டிருக்கக்கூடிய ‘ஆல்-வெதர்’ டயர்களிலும் இந்தக் குறியீடு உண்டு. நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர், இரண்டாவது செட் டயரை வைக்க இடமில்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் என்றால் அது நியாயமான தேர்வு. ஆல்-சீசனும் ஆல்-வெதரும் ஒன்றல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தினமும் வடக்கே பனி அதிகம் விழும் பாரி, ஓவன் சவுண்ட் ஊர்கள் பக்கம் போய் வருகிறவருக்கு முழு விண்டர் டயரைத்தான் சொல்வேன்.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. கியூபெக்கில் 2008-இலிருந்து விண்டர் டயர் கட்டாயம். முதலில் டிசம்பர் 15-இல் தொடங்கியது, 2019-இலிருந்து டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை என்று முன்னுக்கு இழுத்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பாதைகள் பலவற்றில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் வேண்டும், கட்டையின் ஆழம் 3.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நம்மவர்கள் மிக அதிகமாக வாழும் ஒன்டாரியோவிலோ அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. அதற்குப் பதில் 2016 ஜனவரி 1 முதல், விண்டர் டயர் போட்டவர்களுக்குக் கார் காப்பீட்டில் தள்ளுபடி தரவேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு விதி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை பல இடங்களில் உண்டு, ஆகவே கேளுங்கள். சட்டம் சொல்லவில்லை என்பதால் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் சமூகத்தில் பரவலாக இருப்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. வாரம் ஏழு நாளும் டெலிவரிக்கு ஓடுகிற, விடியற்காலை ஷிப்ட்டுக்கு இருட்டில் கிளம்புகிற பலர் நம்மில் இருக்கிறார்கள். உப்பு போடும் வண்டி வருவதற்கு முன்பே சாலையில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

பிடிமானம் குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார், உராய்வெண் (டயரும் சாலையும் பற்றிக்கொள்ளும் அளவு) 0.7 அல்லது 0.8 உள்ள உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் 12 முதல் 14 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் உராய்வெண் 0.2 என்றால் 49 மீட்டர், நல்ல டயர் அதை 0.3 ஆக்கினால் 33 மீட்டர். அந்த 16 மீட்டர் வித்தியாசத்தில் ஒரு பாதசாரிக் கடப்பு முழுதாக அடங்கிவிடும். ஈரமான ஐஸில் உராய்வெண் 0.1-க்கு இறங்கினால் ஏறக்குறைய 100 மீட்டர். இதெல்லாம் காலை பிரேக்கில் வைத்த பிறகு ஆகும் தூரம், அதற்கு முன் யோசிக்க எடுக்கும் நொடி தனி. இதே கணக்கில் இன்னொரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 50-ஐ 35 ஆகக் குறைத்தாலே தூரம் பாதியாகிவிடும்.

நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஆல்-வீல் டிரைவ் வண்டி இருந்தால் விண்டர் டயர் வேண்டாம் என்று சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். நான்கு சக்கரமும் சுழன்றால் வண்டி கிளம்புவது சுலபம். நிற்பதற்கு அது உதவாது. எல்லா வண்டியிலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தானே இருக்கிறது. சுலபமாகக் கிளம்பிவிடுவதால் சாலை நன்றாக இருப்பதுபோல் ஒரு நம்பிக்கை வந்து, வேகம் கூடிவிடும். பனிப்புயலுக்குப் பிறகு பள்ளத்தில் கிடக்கும் பெரிய எஸ்யூவிகளுக்கு இதுவும் ஒரு காரணம். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், சாதாரண முன்சக்கர வண்டியும் நல்ல விண்டர் டயரும் வாங்குங்கள்.

நான்கு டயரையும் மாற்ற வேண்டும். முன்னால் இரண்டை மட்டும் மாற்றினால் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வழுக்கிச் சுற்றும். அப்படிச் சுற்றும் வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவது மிகக் கடினம். செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு: 17 அங்குல ரிம்மில் ஓடும் காருக்கு, பிரேக்குக்கு இடம் இருக்குமானால், 16 அங்குல இரும்பு ரிம்மில் சற்றுக் குறுகிய டயரைப் போட்டுக்கொள்ளலாம். டயர் விலை குறையும், குறுகிய டயர் சேறுபோன்ற பனியை அழுத்தித் தரைக்கு இறங்கும், ஆண்டுக்கு இருமுறை டயரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டும் கூலியும் மிச்சம். எந்த அளவு பொருந்தும் என்பதைக் கடைக்காரரிடம் காரின் ஆண்டும் மாடலும் சொல்லிக் கேட்டால் போதும். மாட்டிய பின் 100 கி.மீ. வாக்கில் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்வார்கள். பெரும்பாலோர் போகமாட்டார்கள், தயவுசெய்து போங்கள்.

சட்டப்படி டயரின் கட்டை மாகாணத்தைப் பொறுத்து 1.5 அல்லது 1.6 மி.மீ. வரை தேயலாம். பனியில் 4 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்ட டயர் வேலைக்கு ஆகாது. வாய்க்கால் ஆழம் இல்லையென்றால் பனியை எங்கே வாங்கி வைக்கும்? காற்றழுத்தமும் குளிரோடு குறையும், ஏறத்தாழ ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரிக்கும் ஒரு பிஎஸ்ஐ. செப்டம்பரில் 22 டிகிரியில் சரியாக அடித்த டயர், ஜனவரியில் மைனஸ் 12-இல் ஐந்தாறு பிஎஸ்ஐ குறைந்து நிற்கும். மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், கதவோரத் தகட்டில் எழுதியிருக்கும் அளவுக்குப் பாருங்கள். காற்றைக் குறைத்தால் பனியில் நன்றாகப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நெடுஞ்சாலைக்கு அது பொருந்தாது.

பேட்டரி, ஆயில், கூலண்ட்

பேட்டரி கோடையில் கெடுகிறது, குளிரில் சாகிறது. வெயிலில் உள்ளே இருக்கும் தகடுகள் அரித்து, நீர் வற்றி, கொள்ளளவு குறைந்துவிடும். ஆனால் கோடையில் இன்ஜினைக் கிளப்பக் கொஞ்சம் மின்சாரம் போதும் என்பதால் வெளியே தெரியாது. மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியே அதன் வலுவில் பாதிக்கு மேல் இழந்துவிடும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, கிளப்புவதற்கு இன்னும் அதிக மின்சாரம் கேட்கும். வரவு குறையும்போது செலவு கூடுகிற நிலை. அதனால்தான் முந்தின நாள் வரை நன்றாக இருந்த கார் முதல் கடுங்குளிர்க் காலையில் ‘டக் டக்’ என்று மட்டும் சொல்கிறது.

பேட்டரிக்கு நான்கு வயது ஆகிவிட்டதென்றால் அக்டோபரிலேயே ஒரு கடையில் சுமை கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இன்ஜினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் இருந்தால் முழுதாக ஏறியிருக்கிறது என்று பொருள், 12.2 என்றால் பாதிதான். ஏற்றம் முழுதாக இருக்கும் பேட்டரியின் அமிலம் கனடாவின் எந்தக் குளிருக்கும் உறையாது. ஏற்றம் தீர்ந்துபோன பேட்டரியில் பெரும்பகுதி தண்ணீர்தான், அது மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைந்து உடலை உப்ப வைத்துவிடும். உப்பிய பேட்டரியை ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பப் பார்க்கவே கூடாது, வெடிக்கும். நல்ல பேட்டரிதான், ஏற்றம் மட்டும் போதவில்லை என்றால் கேபிள் மாட்டும் வரிசை இது: செத்த பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசியாகச் செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதி. கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும். அது பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயுவுக்கு அருகில் பறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவது போன்ற ஐந்து நிமிட ஓட்டங்களில், கிளப்பும்போது செலவான மின்சாரம்கூடத் திரும்ப ஏறாது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

ஆயில் டப்பாவில் ‘5டபிள்யூ-30’, ‘0டபிள்யூ-20’ என்றிருப்பதில் முன்னால் உள்ள எண் குளிருக்கானது. 0 வகை மைனஸ் 35 டிகிரியிலும், 5 வகை மைனஸ் 30-இலும், 10 வகை மைனஸ் 25-இலும் கிளப்பும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும் என்று தரநிர்ணயம். வண்டியோடு வந்த கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே போட்டால் டொராண்டோவுக்குப் போதும். வின்னிபெக், எட்மண்டன், சஸ்கடூன் வேறு உலகம். அங்கே கார்களின் முன்பக்கக் கம்பிகளுக்கு நடுவே ஒரு பிளக் தொங்குவதைப் பார்க்கலாம். இன்ஜினுக்குள் ஓடிச் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலண்டைச் சூடாக வைத்திருக்கும் பிளாக் ஹீட்டர் அது. வாகன நிறுத்துமிடங்களிலேயே அதற்கு மின்சாரம் கொடுக்கும் கம்பங்கள் இருக்கும். இரவெல்லாம் ஓடவிடத் தேவையில்லை, கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு போதும், டைமர் போட்டுக்கொண்டால் மின்கட்டணம் மிச்சம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். வானிலை அறிக்கையில் ‘மைனஸ் 15, காற்றோடு மைனஸ் 27 போல் இருக்கும்’ என்பார்கள். அந்த இரண்டாவது எண் நம் தோலுக்கானது. காற்று அடித்தால் இன்ஜின் சீக்கிரம் குளிரும், ஆனால் மைனஸ் 15-க்குக் கீழே போகாது. கூலண்டையும் வாஷர் நீரையும் முதல் எண்ணை வைத்தே கணக்கிடுங்கள்.

கூலண்டில் பாதி எத்திலீன் கிளைகால், பாதி தண்ணீர் என்றால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நிறையக் கிளைகால் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்கத் தோன்றும். தண்ணீரே கலக்காத கிளைகால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும், இரண்டும் கலந்த பிறகுதான் அந்த உறைநிலை கிடைக்கிறது. கோடையில் கூலண்ட் குறைந்தபோது வெறும் தண்ணீரை ஊற்றிச் சமாளித்தவர்கள் இப்போது கூலண்டின் உறைநிலையைக் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கிப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும், இன்ஜின் இரும்பையே பிளந்துவிடும். சிந்திய கூலண்டை உடனே துடையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் பூனைகள் நக்கும், அது கொடிய நஞ்சு.

பார்வை

பனிக்காலத்தில் 401-இல் பெரிய லாரிக்குப் பின்னால் போனவர்களுக்குத் தெரியும், உப்பும் சேறும் கலந்த தண்ணீர் ஒரு நிமிடத்தில் கண்ணாடி முழுக்கப் படிந்துவிடும். அந்த நேரத்தில் வாஷர் உறைந்திருந்தால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் கண் இல்லாமல் போகிறோம். மைனஸ் 40 என்று டப்பாவில் எழுதியிருக்கும் நீல நிற வாஷர் திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும். அதில் மெத்தனால் இருக்கிறது, உறையாமல் வைத்திருப்பது அதுதான். தொட்டியில் கோடைக்காலத் திரவம் மிச்சம் இருந்தால் முதலில் அதை அடித்துத் தீர்த்துவிடுங்கள், கலந்தால் உறைநிலை ஏறிவிடும். வண்டியின் பின்னால் இன்னொரு டப்பா எப்போதும் இருக்கட்டும். ஒரு நீண்ட பயணத்தில் ஒரு தொட்டி முழுக்கத் தீர்ந்துபோவது சகஜம்.

உள்ளே கண்ணாடி பனிமூட்டம்போல் மங்கினால், பலர் சூடு சீக்கிரம் ஏற வேண்டும் என்று உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்தி வைத்திருப்பார்கள். நம் மூச்சின் ஈரமும் பூட்ஸில் ஒட்டிய பனியின் ஈரமும் உள்ளேயே சுற்றி, மங்கல் கூடும். வெளிக்காற்றை உள்ளே விட்டு, சூட்டோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். குளிர்காலத்தில் எதற்கு ஏசி என்று தோன்றலாம், அது காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துவிடும். டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினால் பல வண்டிகள் இதைத் தாமாகவே செய்கின்றன.

விளக்கு விஷயத்தில் இரண்டு பொறிகள் உண்டு. கனடாவில் 1989 டிசம்பருக்குப் பின் வந்த எல்லா வண்டிகளிலும் பகலில் முன்விளக்கு தானாக எரியும். முன்னால் வெளிச்சம் தெரிவதால் எல்லா விளக்கும் எரிகிறது என்று நினைத்துக்கொண்டு, பின்விளக்கு இல்லாமல் பனிப்புயலுக்குள் போகிறவர்கள் ஏராளம். 2021 செப்டம்பரிலிருந்து வரும் புதிய வண்டிகளுக்கு இதைச் சரிசெய்யும் விதி வந்துவிட்டது, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கையால் திருகிப் போட வேண்டும். இன்னொன்று எல்இடி விளக்கு. பழைய பல்பின் சூட்டில் மேலே விழுந்த பனி உருகிவிடும், எல்இடியின் முன்முகத்தில் அவ்வளவு சூடு இல்லாததால் பனி அப்பிக்கொள்ளும். நீண்ட பயணத்தில் இடையில் நிறுத்தித் துடைக்க வேண்டியிருக்கும். தானாக பிரேக் பிடிக்கும் வசதிக்கான கேமராவும் ரேடாரும்கூடப் பனி மூடினால் குருடுதான்.

கூரையில் இருக்கும் பனியைத் தள்ளாமல் கிளம்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. உள்ளே சூடு ஏறியதும் அடியில் உருகி, ஒரு பிரேக்கில் மொத்தமும் முன்கண்ணாடியில் சரியும். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் பலகையாகப் பறந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் மோதும். நீளக் கைப்பிடியுள்ள தூரிகை ஒன்று, ஐந்து நிமிடம், அவ்வளவுதான் வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் கராஜுக்குள் வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், அதற்கு மணமும் கிடையாது. வெளியே எடுத்து நிறுத்துங்கள். இன்றைய இன்ஜின்கள் நின்ற இடத்தில் கால் மணி நேரம் ஓடிச் சூடாக வேண்டியதில்லை, கண்ணாடி தெளிந்ததும் மெதுவாக ஓட்டிச் சூடாக்கினாலே போதும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடுங்குளிரில் ஓடும் தூரம் குறையும், மிகக் குளிரான நாட்களில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுவதும் உண்டு. வெப்பம் தர அங்கே இன்ஜின் இல்லை, ஹீட்டரும் அதே பேட்டரியைத்தான் தின்கிறது. கிளம்புமுன் சார்ஜரில் இருக்கும்போதே வண்டியையும் பேட்டரியையும் சூடாக்கிக்கொண்டால் அந்தச் செலவு வீட்டு மின்சாரத்தில் போய்விடும்.

சாலை எப்போது ஏமாற்றும்

சாலையில் போடும் சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரி வரைதான் உருப்படியாக வேலை செய்யும். அதற்குக் கீழே உருக்கும் வேகம் மிகவும் குறைந்துவிடுகிறது. அப்போது வேறு உப்புகளும் மணலும்தான் கை கொடுக்கும். உப்பு தெளித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் மைனஸ் 18 காலையில் அதை நம்ப வேண்டாம். ஆனால் ஐஸ் மிக மோசமாக வழுக்குவது கடுங்குளிரில் அல்ல, 0 டிகிரியை ஒட்டித்தான். மேலே நீர் நிற்கும் ஐஸைவிட வழுக்கலானது வேறில்லை. பகலில் உருகி மாலையில் மறுபடி உறையும் மார்ச் மாதச் சாலைகள் ஜனவரிச் சாலைகளைவிட ஆபத்தாக இருப்பது இதனால்தான். பாலங்களும் நெடுஞ்சாலை ஏறு இறங்கு வளைவுகளும் முதலில் உறையும், அவற்றுக்கு அடியிலும் குளிர்காற்று ஓடுகிறது. கிளம்புமுன் ஒன்டாரியோ 511 தளத்தில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்டால்

2010 டிசம்பரில் ஒன்டாரியோவின் சார்னியாவுக்கு அருகே 402 நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கானோர் தங்கள் வண்டிகளிலேயே இரவெல்லாம் சிக்கிக்கொண்டார்கள். ஹியூரான் ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்த காற்று விடாமல் பனியைக் கொட்டியது. கடைசியில் ராணுவ ஹெலிகாப்டர்கள் வந்துதான் பலரை மீட்டன. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஐ-95 சாலையில் ஒரு நாளுக்கும் மேல் வண்டிகள் நின்றபோது, அதில் மாட்டியவர்களில் செனட்டர் டிம் கெய்னும் ஒருவர். அவருக்கு 27 மணி நேரம் ஆயிற்று. இரண்டுமே ஊருக்கு வெளியே தனித்துக் கிடக்கும் காட்டுப்பாதைகள் அல்ல, நாள்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் போகும் பெருஞ்சாலைகள்.

ஆகவே எரிபொருள் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு போர்வை, மடக்கும் மண்வெட்டி, டார்ச், ஜம்பர் கேபிள், சக்கரத்துக்கு அடியில் போட ஒரு பை மணல் அல்லது பூனையின் கழிவுத் தட்டில் போடும் மண், உறைந்தாலும் கடிக்க முடிகிற ஏதாவது தின்பண்டம், கூடுதலாக ஒரு ஜோடி காலுறையும் பூட்ஸும். விமான நிலையத்தில் ஒருவரை இறக்கிவிட்டு வரத்தானே போகிறோம் என்று செருப்போடும் மெல்லிய சட்டையோடும் கிளம்பும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, வண்டிக்குள் சூடாக இருக்கும் என்ற நம்பிக்கையில். வண்டி நின்றுபோனால் அந்தச் சூடு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். பனிப்புயலில் பத்தடி தள்ளி இருப்பதே தெரியாது, வண்டியைத் தேடுகிறவர்கள் கண்டுபிடிப்பார்கள், நடந்துபோன ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு முறையும் இறங்கிப் புகைக்குழாயை மூடியிருக்கும் பனியை அகற்ற வேண்டும், காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரலளவு திறந்து வைக்க வேண்டும். குழாய் அடைபட்டால் புகை உள்ளே வரும், குளிரைவிட வேகமாகக் கொல்லும்.

பிள்ளைகளின் இருக்கையைப் பற்றி இதோடு சொல்லிவிடுகிறேன். பஞ்சடைத்த பெரிய குளிர்கோட்டோடு குழந்தையைக் கார் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டால் இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். மோதலில் பஞ்சு அமுங்கி, பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும், குழந்தை நழுவி வெளியே வரலாம். கோட்டைக் கழற்றி, மெல்லிய உடையோடு பெல்ட்டை இறுக்கிவிட்டு, மேலே கோட்டையோ போர்வையையோ போர்த்திவிடுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவோ பாட்டியோ பிள்ளைக்குக் குளிருமே என்று வருத்தப்படுவார்கள். கோட்டோடு ஒருமுறை பெல்ட்டை இறுக்கிக் காட்டி, நீளத்தை மாற்றாமல் கோட்டில்லாமல் அதே பெல்ட்டைப் போட்டுக் காட்டுங்கள், எவ்வளவு தொளதொளவென்று இருக்கிறது என்று அவர்களே பார்ப்பார்கள்.

விண்டர் டயரை எப்போது கழற்றுவது? கியூபெக் சட்டம் மார்ச் 15-ஓடு விட்டுவிடுகிறது, ஆனால் டொராண்டோவில் 2018 ஏப்ரல் நடுவில்கூட ஐஸ் மழை பெய்து சாலைகள் உறைந்தன. காலை வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல் நிற்கும்வரை பொறுங்கள். அதற்கு மேல் வைத்திருந்தால் இளகிய ரப்பர் வெயிலில் சீக்கிரம் தேயும், உலர்ந்த சாலையில் நிற்கும் தூரமும் கூடும். கழற்றும் நாளிலேயே அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி உப்பைப் போக்குங்கள், வெப்பம் கூடக் கூட உப்பு இரும்பை வேகமாகத் தின்னும். ஒவ்வொரு டயரிலும் எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று சாக்பீஸால் எழுதி, கட்டையின் ஆழத்தையும் அப்போதே அளந்துவிடுங்கள். 4 மி.மீ.க்கு நெருங்கிவிட்டிருந்தால் அடுத்த அக்டோபருக்கு முன் புது செட் வாங்க வேண்டும். விலை விசாரிக்க முழுதாக ஒரு கோடைக்காலம் கையில் இருக்கிறது.